மணக்காத ஈஸ்ட்

ஜனவரி 11, ஞாயிறு. வில், சுவிஸ்

ஈஸ்டருக்குப் பிறகு டெஸ்மன்டின் அறுபதாவது பிறந்தநாள். நானும் அவனும் ஒரே தொழிற்சாலையில் இத்தனை வருசம். பியர் நான் காய்ச்சித் தருவதாகச் சொல்லிவிட்டேன். குளிர்ப்பெட்டியில் கிடந்த ஈஸ்ட் பழசு, அப்படியே பெரிய பானையில் விட்டால் எழும்பாது. முளைவிட்ட பார்லியின் மோல்ட் மாவைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, முதலில் அதில் பெருகட்டும் என்று ஈஸ்ட்டைக் கலந்தேன். போகவர ஒரு ஆட்டு ஆட்டிவிட வேண்டும்.

ஜனவரி 13

நுரை கட்டிவிட்டது. மணந்து பார்த்தேன். சரி என்றுதான் பட்டது.

ஜனவரி 14

மனுசி டயனா வேலையால் வந்ததும் மூக்கைப் பொத்தினா. "என்னப்பா இது, புளிச்ச வினாகிரி நாத்தம்! எப்பிடி இதுக்குப் பக்கத்திலை இருந்து சாப்பிடுறீங்கள்?"

குடுவையை மூக்கோடு வைத்தேன். ஒண்டுமில்லை. கோப்பித் தூளை மணந்தேன் - இல்லை. உள்ளி நசுக்கி - அதுவும் இல்லை. தடிமன், மூக்கடைப்புக்கூட இல்லையே. எப்ப இருந்து இப்பிடி?

ஊத்திக் கழுவினன்.

ஜனவரி 29

வீட்டு வைத்தியர் மூக்கைப் பார்த்தார். பிறகு நடக்கச் சொன்னார். மூக்குக்கு ஏன் நடை? நடக்கும்போது இடது கை வீசவில்லையாம். சென்காலன் ஆஸ்பத்திரியில் நரம்பு வைத்தியரைப் பார்க்கட்டாம்.

பெப்ரவரி 7

புது ஈஸ்ட், இரண்டாம் தரம். பியர் என்றாலே முகம் சுழிக்கிற மனுசி, இன்றைக்குத் தானே குடுவையைத் திறந்து மணந்தா.

"சுட்ட பாண் மணம்தான். பழுதில்லை."

பெப்ரவரி 26

பார்க்கின்சன்.

ஆரம்பம்தானாம். மருந்து இருக்குதாம். சிலருக்கு முதல்லை மணம்தான் போகுமாம். "திரும்ப வருமோ?" எண்டு டயனா கேட்டா. டொக்டர் இல்லையெண்டு தலையாட்டினார்.

மார்ச் 1

ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம் எண்டன். ஓம் எண்டா.

ஏப்ரல் 11

டெஸ்மன்ட் வீட்டில் சனம் நிறைந்திருந்தது. "மச்சான், கடைப் பியர் இதுக்குக் கிட்ட நிக்கேலாது," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். நானும் ஒரு மிடறு குடித்தேன். குளிரும் கசப்பும் தெரிந்தது, அவ்வளவுதான். இடது கையைப் பொக்கற்றுக்குள்ளேயே வைத்திருந்தேன்.

"ஓகஸ்டிலை என்ர மகளின்ர கலியாணம். அதுக்கும் நீதான்ரா காய்ச்சவேணும்."

"ஓம், செய்வம்," எண்டன்.

டயனா எழும்பிக் குசினிக்குள்ளை போனா. கனநேரம் திரும்பி வரேல்லை.