இடது பக்க ஸ்பீக்கர்

14-8-2004, சனி, இரவு 9.40. இன்று கேட்டுப் பார்த்த ஸ்பீக்கர் ஜோடிகள் மூன்று.

மூன்றிலும் இடது பக்கம் ஜால்ராச் சத்தமே வரவில்லை. "எல்லாம் டூப்ளிகேட்டா?" என்று குன்றத்தூர் கடைக்காரரிடம் கத்தினேன். அவர் சிரித்தார்.

"திரும்பி நில்லு தம்பி."

திரும்பினேன். இப்போது மற்ற ஸ்பீக்கரில் ஜால்ரா இல்லை.

"பொட்டி நல்லாத்தான் கீது. உன் காதுதான் டூப்ளிகேட்டு."

கம்பெனியில் நான் ஓட்டும், தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் டை (அச்சு) விரிசல் விட்டால் சத்தத்திலேயே பிடித்துவிடலாம் என்று, இரண்டு வருடமாக இடது காதில் மட்டும் நான் இயர் பிளக் போடுவதில்லை. சூப்பர்வைசர் அதைப் பாராட்டியும் இருக்கிறார்.

1. திங்கள் லீவு போட்டுக் காது டாக்டரைப் பார்ப்பது.
2. அதுவரை ஸ்பீக்கர் வாங்காமல் இருப்பது.
3. கைக்கடிகாரத்தை இடது காதில் வைத்துப் பார்ப்பது. இன்று வேண்டாம்.