வால்வுக்கு வைத்த பொட்டு

திருக்காட்டுப்பள்ளி,
வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

அன்புள்ள சூர்யபிரகாஷுக்கு,

அக்னீஸ்வரர் கிருபையில் இங்கே நாங்கள் சுகம், மஸ்கட்டில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. இன்று காலை எட்டு மணிக்குக் கீழ்க் குளியலறையில் குழாயைத் திறந்ததுமே வெந்நீர் கொட்டியது. சாட்சிக்கு நின்றவர்கள் நான், வாக்கரைப் பிடித்துக்கொண்டு உன் அப்பா, பிளம்பர் ஜெக்கரியா, பூதலூரிலிருந்து வந்திருக்கும் தங்கமணி சித்தி, ஆக நாலே பேர். சித்தி குலவையே போட்டுவிட்டாள். ஆகவே திங்கட்கிழமை நீ ஏற்பாடு செய்த திருச்சி ஆட்கள் வந்து குழாயைப் பார்க்கச் சுவரை உடைக்க வேண்டாம், இந்தக் கடிதத்தை இன்றே போனில் படமெடுத்து அனுப்புகிறேன், நீயே அவர்களிடம் சொல்லி நிறுத்திவிடு.

கார்த்திகையில் மொட்டைமாடி சோலார் ஹீட்டரை மாற்றியதிலிருந்து பட்ட பாடு உனக்குத் தெரியும். குழாயில் நிற்கும் தண்ணீர் ஆறிப்போகாமல் மறுபடி மேலே ஏறிச் சுற்றி வரட்டும் என்றுதானே அந்தச் சின்ன பம்பை வைத்துக் கொடுத்தாய், பழைய ஹீட்டர் இருந்தவரை திறந்த உடனே சுடச்சுட வந்தது, புதியதில் மூன்று வாளி பச்சைத் தண்ணீர் போன பிறகுதான் சூடு. முழங்கால் ஆபரேஷன் ஆன உன் அப்பா அதுவரை ஈரத்தரையில் நடுங்கிக்கொண்டு நிற்க முடியுமா, நான் அடுப்பில் காய்ச்சித் தூக்கி வருவதும் பொறுக்காமல், எனக்குக் குளியலே வேணாம் போ என்று நாலு நாள் அப்படியே உட்கார்ந்திருந்தார். ஜெக்கரியா குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று அதை வெளியேற்றிப் பார்த்தார், நீ சொன்னபடி பம்பையும் மாற்றினார். நான் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன், பம்பை நிறுத்தினாலும் மூன்று வாளி, ஓடவிட்டாலும் மூன்று வாளி. அப்படியானால் பம்ப் சத்தம்தான் போடுகிறது, தண்ணீர் நகரவில்லை, நடுவில் எதுவோ மறிக்கிறது என்றேன். நீயோ, சும்மா இரும்மா, அந்தாளுக்கு வேலையே தெரியலை என்று போன் ஸ்பீக்கரில் ஜெக்கரியா காதுபடவே கத்தினாய்.

இன்று வெள்ளிக்கிழமை அல்லவா, விடியற்காலை குளித்துவிட்டு ஹீட்டருக்குப் புதுப் பொட்டு வைக்க மாடிக்குப் போனேன். தண்ணீர் ஹீட்டருக்குத் திரும்பி வரும் குழாயில், அதை ஒரு பக்கம் மட்டும் விடும் பித்தளை வால்வில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தால் அடியில் ஓர் அம்புக்குறி, தண்ணீர் போகவேண்டிய திசைக்கு நேர் எதிராக! சாமான் வந்த அன்று ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பியது நான்தான். ஜெக்கரியாவை வரச் சொல்லிக் கேட்டேன். அம்மா சாமி கும்பிட்டு வச்ச பொட்டை எப்படிம்மா அழிக்கிறது, குத்துமதிப்பா மாட்டிட்டேன் என்று தலையைச் சொறிந்தார். திருப்பி மாட்டிப் பத்து நிமிஷம் ஓடவிட்டதும், அதுவரை ஜில்லென்றிருந்த திரும்புகுழாய் கை வைக்க முடியாமல் சுட்டது. அப்பா, சாமிக்கு வை, எனக்கு வை, வால்வுக்கு ஏண்டி வச்சே என்று சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, யார் துணையுமில்லாமல் தானே குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்.

தப்பு என்னுடையது, உன்னிடம் பேச்சு வாங்கியவர் ஜெக்கரியா. நான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். விடுங்கம்மா, இனிமே மாட்டினப்புறம் பொட்டு வைங்க என்றார். உன் பேரைச் சொன்னால் மட்டும் முகம் வாடிப்போகிறது. நீயும் அவரைக் கூப்பிட்டு உன் வாயால் மன்னிப்புக் கேள். வெயிலில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு, சௌந்தரநாயகி அம்மன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள்.

அவரிடம் பேசியதும் எனக்கு உடனே பதில் போடு.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா குந்தவை பஞ்சநதம்