இந்த மாதத்துக்காரர்கள்

அம்மு,

கீழே கேன்டீனில் இருக்கிறேன். குழந்தை இரண்டு மாதம் முந்திக்கொண்டதால், நாம் எதிர்பார்த்த மாதத்தில் பிறந்த பிரபலங்கள் என்று நான் அளந்ததெல்லாம் வீண். உடனே போனைத் தடவி இந்த மாதத்துக்காரர்களைப் பிடித்தேன்: ஒரு கணித மேதை, இரண்டு பாடகிகள், ஒரு பிரதமர். வராந்தாவில் வந்தவர் போனவருக்கெல்லாம் ஒப்பித்தேன். உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நர்ஸ்தான் கேட்டாள்: "ஊர்ல உள்ளவங்க பொறந்தநாளெல்லாம் சொல்றீங்களே சார், உங்க பொண்ணைப் போய்ப் பார்த்தீங்களா?"



கண்ணாடிப் பெட்டிக்குள் குழாய்களோடு கிடக்கிறாளாமே. பேசிக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கம் போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன், உன்னைத் தனியே விட்டுவிட்டு. இந்த மாதம் பிறந்தவர்களில் அவள் ஒருத்தியின் முகம்தான் எனக்குத் தெரியாது.

இதை நர்ஸிடமே கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிப்பதற்குள் மேலே வந்துவிடுவேன். வாயைத் திறக்க மாட்டேன்.

அவள் அப்பா