மானும் சர்பஞ்ச்சும் ஒரே படத்தில்

புரட்டாசி, திங்கள் இரவு

புத்தலப்பட்டு ரோட்டை அகலப்படுத்தும்போது மிருகங்கள் கடக்க அடியில் வழி விடவேண்டும் என்று கேட்டிருப்பது நான். அங்கே மானே வராது என்று சாதிப்பவர் ஊராட்சித் தலைவரான சர்பஞ்ச். அதனால் அந்த ரோட்டில் இருக்கும் சிறுபாலத்துக்கு அடியில், தானே படம் எடுக்கும் கேமரா ஒன்றைக் கட்டிவைத்தேன்.

இன்று எடுத்துப் பார்த்தால் ஒரே ஒரு படத்தில்தான் மான் இருக்கிறது. அந்த மானுக்கு முன்னால் சர்பஞ்ச் உட்கார்ந்திருக்கிறார். நெற்றியில் நாமம், கையில் கோழிக்கால். இந்த மாதத்தில் யார் வீட்டிலாவது முட்டை வாசனை வந்தாலே சண்டைக்குப் போகிற மனிதர்.

நாளை ஊர்க்கூட்டத்தில் ஆதாரம் காட்டியாக வேண்டும். அவரிடமே படத்தைக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

“கூட்டத்துல என் பொண்டாட்டி முன்னாடியே குந்திக்கினு இருப்பா சார். மான் இருக்கட்டும், என்னை மட்டும் வெட்டி எடுத்துடு.”

“வழிக்கு ஒத்துக்குவீங்களா?”

“யானைக்கே வுடறேன் சார்!”

சாப்பிட்டதிலிருந்து கம்ப்யூட்டரில் வெட்டிக்கொண்டிருக்கிறேன். தலை போனது, நாமம் போனது, தொப்பையும் போனது. நீட்டிய கை மட்டும் மானின் முகத்தோடு ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. எப்படி வெட்டினாலும், புரட்டாசியில் கோழிக்காலை மோப்பம் பிடிப்பது மான்தான்.