குப்புறப் படுத்த பத்து நாள்

அன்புத் தங்கைக்கு,

எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். விழித்திரை அறுவை சிகிச்சை முடிந்து நான்கு நாளாகக் குப்புறப் படுத்திருக்கிறேன். கட்டிலுக்குக் கீழே முக்காலியில் தாளை வைத்து, நல்ல கண்ணால் பார்த்து எழுதுகிறேன். பத்து நாளைக்கு முகத்தைத் திருப்பக் கூடாது. திருப்பினால் நெற்றிப் பட்டை கத்தும்.

ஆமாம், அதே பட்டைதான். உன் வார்டில் நோயாளிகள் தூக்கத்தில் புரண்டுவிடுகிறார்கள் என்று ரிப்பனில் சின்ன மணி கோத்து அவர்கள் தலையில் கட்டிவிட்டாயே, அந்த மணியை எடுத்துவிட்டு நான் சென்சார் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

நேற்று நர்ஸ் பட்டையை இறுக்கிக்கொண்டே கேட்டார்: "சார், இதோட காப்புரிமை உங்க பேர்லயாமே? எப்படி சார் தோணுச்சு?"

"ஏதோ தோணுச்சும்மா" என்றேன். நல்லவேளை, முகம் தரையைப் பார்த்திருந்தது.

சான்றிதழ் வந்த அன்று நீ வாங்கிப் படித்துவிட்டு, "என் பேரு எங்கண்ணா?" என்று கேட்டாய். "படிவத்துல ஒருத்தர் பேருக்குத்தான் இடம் இருந்துச்சு" என்றேன். "சரி விடுண்ணா" என்று சொல்லி எனக்கு டீ போட்டுக் கொடுத்தாய்.

என்னைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டு வருகிறாயாம். இதைப் படித்த பிறகும் வரத் தோன்றினால் வா.

உன் பெயரைச் சேர்க்கச் சொல்லும் மனுவை இதோடு வைத்திருக்கிறேன். உன் கையெழுத்து வேண்டும். அந்தப் பழைய படிவத்தின் நகலும் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தைப் பார். கண்டுபிடித்தவர்களின் பெயர்களுக்கு நான்கு வரிகள் விட்டிருக்கிறார்கள். மூன்று காலியாக இருக்கின்றன.

அண்ணன்