அம்மா பக்கத்துக் கேள்வி

குண்டசாலை,
ஜூன் 9.

அன்புள்ள நிரஞ்சனிக்கு,

யசோதா அக்கா எழுதுவது. நீயும் தம்பி ரமேஸும் மகன் யுகேஷும் கட்டாரில் சுகமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப் இருக்க இதென்ன கடிதம் என்று சிரிக்காதே. என் போனை என்னைவிடக் கிஷானிதான் அதிகம் பார்க்கிறாள். இது அவள் கண்ணில் படக்கூடாத விஷயம்.

நான்கு மாதமாகப் பிள்ளைக்கு ஒரே சோர்வு. வகுப்பில் தூங்கினாள், முடி கொட்டியது, கழுத்தில் லேசான வீக்கம். சோம்பேறி என்று ஏசினேன், பாவி நான். பேராதனை ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்கள். தைரொய்ட் குறைவாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குகிறதாம். பயப்பட ஒன்றுமில்லை, தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை என்றார் டொக்டர். இப்போது வார்த்தைக்கு வார்த்தை எதிர்த்துப் பேசும் அளவுக்குத் தேறிவிட்டாள்.

அன்றைக்கு டொக்டர், இது குடும்ப வழியாகவும் வரும், அம்மா பக்கம் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். கிஷானி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இல்லை என்றேன். உங்களையும் ஒருமுறை சோதித்துவிடலாமே என்றார். நானும் கையை நீட்டி இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். என் புத்தியைப் பார்! பத்து மாதம் சுமந்தவள் நீ, சோதனை எனக்கு. எனக்கு ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அதையும் பிள்ளையின் ஃபைலில் எழுதிக்கொண்டார்கள்.

மனசு கேட்கவில்லை. போன வாரம் தனியாகப் போய், இவளைப் பெற்றவள் என் கொழுந்தன் மனைவி, எங்களுக்குப் பிள்ளையில்லை என்று பிறந்த பதினேழாம் நாள் தூக்கிக் கொடுத்தாள் என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் வெளியாளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. டொக்டர் கோபிக்கவில்லை. பெற்றவளுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம், ஆனால் வந்தே தீரும் என்றில்லை, அவரையும் மற்றப் பிள்ளையையும் சோதிக்கச் சொல்லுங்கள் என்றார்.

கிஷானி வயிற்றில் இருந்தபோது உனக்கும் கழுத்து வீங்கி, சால்வையால் மூடிக்கொண்டு திரிந்தாயே, அது என்னவென்று பார்த்தாயா? மாத்திரை ஏதும் எடுக்கிறாயா? ஒளிக்காமல் எழுது. யுகேஷுக்கும் இரத்தம் பார். எப்போதும் தூக்கம் என்று அவனை நீ ஏசாதே, நான் ஏசியது போதும்.

இன்னொன்று. கிஷானி போனில் தேடி வாசித்துவிட்டு, அம்மாவுக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை, எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாள். இவர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்கிறார். நான் சோறு போட எழுந்துவிடுகிறேன். எத்தனை நாளைக்கு இப்படி ஓடுவது?

ஆகஸ்டில் லீவுக்கு வருகிறீர்களே, அப்போது சொல்லிவிடுவோம். இவரும் சரி என்றுவிட்டார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது, நிரஞ்சனி. உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள். கேட்டதும் உன்னிடம் ஓடி வந்தாலும் வருவாள். வந்தால் தள்ளிவிடாதே, நல்லா கட்டிப் பிடித்துக்கொள். நான் சொன்னால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும். அதனால், என்னைக் காட்டி, உன் அம்மா அதோ நிற்கிறாள் என்று நீயே அவளிடம் சொல்லிவிடு.

மூவருக்கும் என் ஆசிகள்.

உன் அக்கா,
யசோதா