முடிவு பார்க்காத படங்கள்

அன்பு மகள் நிலக்ஷனாவுக்கு,

பூனாகலையிலிருந்து அப்பா எழுதிக்கொள்வது. எனக்கு ஓர் அநியாயம் நடந்திருக்கிறது. நான் இல்லாத நேரம் பார்த்து, நீ அனுப்பிய புது இன்டர்நெட் டீவியில், உன் அம்மாவுக்கு ஒரு படத்தைக் கடைசி வரைக்கும் போட்டுக் காட்டிவிட்டார்கள். காட்டியது பக்கத்துக் காம்பரா வீட்டுத் தனுஜா, டீவி அனுப்பியது நீ. அதன் பலன், உன் அம்மா கோபித்துக்கொண்டு ஹல்துமுல்லைக்குப் போய் உன் சின்னம்மா வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். தங்கச்சியைப் பார்க்க வந்தேன் என்று உன்னிடம் போனில் சொல்லியிருப்பாள், அது பாதிதான். சுகம் விசாரிப்பதை இரண்டாவதாக வைத்ததற்குக் கோபிக்காதே. நீ சுகமாக இருக்க வேண்டும், இத்தாலியில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாவும் சுகமாக இருக்கட்டும். என் சுகத்தைக் கேட்டால் சீனி வியாதி அடங்கியிருக்கிறது, முழங்கால் பழையபடிதான், ரொட்டி நானே சுடுகிறேன், ஒரு பக்கம் கருகுகிறது, மறுபக்கம் வேகவில்லை, ஏன் என்று விளங்கவில்லை. இந்த வீட்டில் இப்போது எதுவுமே எனக்கு விளங்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். அன்று நான் பதுளைக்கு கிளினிக் போயிருந்தேன். உன் அம்மா தனியாக இருப்பாளே என்று தனுஜா வந்து உட்கார்ந்திருக்கிறாள். உன் அம்மாதான் அவளிடம் ஒரு பழைய படத்தைக் கேட்டிருக்கிறாள், உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு தாய், அவளுக்கு ஒரே மகன், அந்த மகனுக்குக் காய்ச்சல் வரும், அந்தப் படம். நாங்கள் அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்தில் பார்த்தது. பையன் படுக்கையில் விழுந்ததும் தனுஜா முகத்தைப் பொத்திக்கொண்டாளாம். உன் அம்மா அவள் தோளைத் தட்டி, "பயப்படாத புள்ள, பொழைச்சு எந்திரிச்சு வாத்தியாராயிருவான், எங்க வீட்டுக்காரரு சொன்னாரு" என்று தைரியம் சொல்லியிருக்கிறாள். பிறகு பையன் செத்துப்போனான். நான் பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறேன், தேத்தண்ணி இல்லை, விளக்குப் போடவில்லை, டீவி அணைந்திருக்கிறது. உன் அம்மா என்னைப் பார்த்து, "என்னாங்க, அந்தப் பய எப்போ வாத்தியாரானான்?" என்று கேட்டாள். அது வேறு படமாக இருக்கும் என்றேன். "அதே அம்மா, அதே உப்பு, பையன் மட்டும் வேறயா?" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரயிலில் தொலைந்த பெண்பிள்ளை என்ன ஆனாள்? கிடைத்துவிட்டாள் என்றேன். கிணற்றில் விழுந்தவள்? ஏறி வந்துவிட்டாள் என்றேன். கண் தெரியாத தபால்காரர்? பார்வை வந்துவிட்டது என்றேன். கையில் பாணோடு நின்றுகொண்டேதான் பதில் சொன்னேன், உட்காரச் சொல்லவில்லை. கடைசியில், "இத்தன வருசத்துல ஒருத்தர்கூடச் சாகலியா உங்க படத்துல?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவினாள். மறுநாள் காலை பண்டாரவளை பஸ்ஸில் ஏறிவிட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சத்தம் போட்டிருந்தால் நான் திருப்பிப் போட்டிருப்பேன், எனக்கும் ஒரு வழி இருந்திருக்கும்.

இதில் உனக்குத் தெரியாதது இருக்கிறது, அதைச் சொல்லாமல் நீ நியாயம் பேச முடியாது. அப்போது வீட்டுக்கு வீடு டீவி இல்லை. கோயில் திருநாளுக்கு லயத்துச் சனம் எல்லாம் சேர்ந்து பண்டாரவளையிலிருந்து டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வரும், விடிய விடியப் படம் ஓடும். நான் கங்காணி. விடியற்காலை பெரட்டில் ஆட்களை நிறுத்தி இன்ன மலைக்கு இன்னார் என்று பிரித்துவிட வேண்டியவன் தூங்கி விழுந்தால் தோட்டத்துத் துரை என்ன சொல்வார்? அதனால் படம் பாதியில் இருக்கும்போதே, வா, பெரட்டுக்கு நேரமாகுது என்று உன் அம்மாவை எழுப்பிக்கொண்டு வந்துவிடுவேன். முடிவை மறுநாள் நான்தான் அவளுக்குச் சொல்வேன், விழித்திருந்து பார்த்தவர்கள் சொன்னதை அப்படியே சொல்வேன். கங்காணி படம் பார்ப்பது மாதிரி என்று தோட்டத்தில் எங்கள் கணக்கு லயங்கள் முழுக்கக் கேலிப் பேச்சே இருந்தது, பாதி வேலையில் எழுந்து போகிறவனை அப்படிச் சொல்வார்கள். நான் அதைச் சட்டை செய்யவில்லை.

அப்புறம் ஜொனி போனான். உனக்கு மூத்தவன். நீ அப்போது கைக்குழந்தை, அவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, பதுளைக்குக் கொண்டு போனோம், டாக்டர்மார் செய்ய வேண்டியதைச் செய்தார்கள், வெள்ளைத் துணியில்தான் திரும்பி வந்தான். உன் அம்மா இருந்த இருப்பைப் பார்த்து எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள், கையில் பால்குடிப் பிள்ளை இருக்கிறது, அவளை அழ விடாதே, அழுதால் பால் வற்றும். நானும் அப்படியே செய்தேன். மண் மூடி முடிவதற்கு முன்பே அவள் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். அவன் சட்டைகளை அந்த வாரமே தோட்டத்து மேல்கணக்கில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தேன், போட்டோவை ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். கல்லறைத் திருநாளுக்கு வருசா வருசம் நானே தனியாகப் போய் அவளுக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருகிறேன். ஒரு வருசமும் தவறவில்லை, இதை அவளே ஒப்புக்கொள்வாள்.

ஜொனி போனதற்கு அடுத்து வந்த கோயில் திருநாளில்தான் அந்த உப்பளத்துப் படம். பையன் காய்ச்சலில் விழுந்ததும் என் கை தானாக அவள் கையைப் பிடித்தது, வா, பெரட்டுக்கு நேரமாகுது என்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பெரட்டே கிடையாது. அவளும் கேட்கவில்லை, எழுந்து வந்துவிட்டாள். காலையில் பையனுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும், நானும்தான் எழுந்து வந்துவிட்டேனே. யாரிடமும் விசாரிக்கவும் இல்லை. பிழைத்துக்கொண்டான், வாத்தியாராகிவிட்டான் என்றேன். அன்று அவள் சாப்பிட்டாள். ஜொனி போன பிறகு நான் சொல்லாமலே அவள் தட்டை எடுத்தது அன்றுதான். அதற்குப் பிறகு யாராவது சாகப்போகிற மாதிரி பாட்டு மாறினால் கூட்டி வந்துவிடுவேன், காலையில் எல்லோரையும் பிழைக்க வைப்பேன். வீட்டுக்கு டீவி வந்தபோது ரிமோட்டை என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். நீயும் சின்னப்பிள்ளையில் அழுது அடம்பிடித்திருக்கிறாய், கண் கெட்டுப்போகும் என்று உன்னை அதட்டியிருக்கிறேன். இதில் எங்கே இருக்கிறது என் குற்றம்? பசித்தவளுக்குச் சோறு போட்டது குற்றமா?

என் பழைய கூட்டாளி முருகையாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பொஞ்சாதி கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கு ஊர்ல குடி இருக்கு, கூத்தியா இருக்கு, நீ ஒருத்தன்தான்யா செத்தவனைப் பொழைக்க வச்சு மாட்டிக்கிட்டவன்" என்று சிரிக்கிறார். உன் சின்னம்மாவுக்குப் போன் போட்டேன். அங்கே தினமும் ஒரு படம் ஓடுகிறதாம், எல்லாம் கடைசி வரைக்கும். "அக்கா நல்லா அழுவுது மச்சான், நல்லா சாப்புடுது, நல்லாத் தூங்குது" என்கிறாள். அழுகிறவள் எப்படி நன்றாகச் சாப்பிடுவாள்? நீ படித்தவள், வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவள், எனக்கு விளக்கிச் சொல். நான் சாப்பிட வைத்ததே அழாமல் பார்த்துக்கொண்டதால்தான் என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறேன்.

சரி, அப்படி அந்தப் படத்தில் என்னதான் இருக்கிறது, எந்த இடத்தில் என் வீட்டுக்காரியைப் பிடித்து இழுத்தது என்று நானே பார்த்துவிட முடிவு செய்தேன். தனுஜாவைக் கேட்கவில்லை. பாண் சுற்றி வந்த பேப்பரை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான், இந்த ரிமோட் என்ன பெரிய வித்தை. காலை முழுவதும் போயிற்று, நடுவில் யாரோ கேக் சுடுகிறார்கள், யாரோ ஐஸில் சறுக்குகிறார்கள், கடைசியில் உப்பளம் வந்தது. நானும் முடிவை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். பையன் போய்விடுகிறான். அந்தத் தாய் மாரில் அடித்துக்கொண்டு கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை. பையனின் சட்டையைத் துவைத்து, கொடியில் போட்டு, அது காயும் வரைக்கும் அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். வசனம் இல்லை, பாட்டு இல்லை. வெகு நேரம் ஒன்றும் அசையாததால் டீவி நின்றுவிட்டது என்று எழுந்து போய் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன், பிறகுதான் சட்டை காற்றில் ஆடுவதைப் பார்த்தேன். இதில் கோபித்துக்கொண்டு பஸ் ஏற என்ன இருக்கிறது என்று விளங்காமல் மறுபடியும் போட்டேன். இரண்டாம் முறைதான் ஒன்று கண்ணில் பட்டது. அவளை யாரும் கூப்பிட வரவில்லை. போதும், எழுந்து வா என்று சொல்ல அந்தப் படத்தில் ஓர் ஆள் இல்லை. அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறாள், சட்டை காய்ந்ததும் அவளாகவே எழுந்து, மடித்து, உள்ளே போகிறாள். எனக்கு அன்றைக்குக் கண் எரிந்தது, விறகு ஈரம், வீடெல்லாம் புகை. ஒரு மாதிரியாக இருந்தது. கொடுத்த சட்டைகளில் ஒரு நீலக் கட்டம் போட்டது இருந்தது, அது இப்போது எங்கே இருக்கும் என்று தேவையில்லாமல் யோசனை வந்தது. மேல்கணக்குக்குப் போய்க் கேட்கலாமா என்றுகூட எழுந்தேன், அந்தப் பிள்ளைக்கே இப்போது பிள்ளைகள் இருக்கும் என்று திரும்ப உட்கார்ந்தேன்.

நான் செய்தது தப்பு என்று இன்னும் சொல்லவில்லை, அதை நன்றாகப் புரிந்துகொள். நீ பால் குடித்து வளர்ந்தாய், அவள் எழுந்து கொழுந்தெடுக்கப் போனாள், குடும்பம் நின்றது. ஆனால் முந்தாநாள் உன் சின்னம்மா போனில் உன் அம்மா ஒரு செய்தி சொல்லியனுப்பினாள். "கல்லறத் திருநாளுக்கு நா நேரா கல்லறைக்கே வந்துர்றேன். எனக்கும் சேத்து அவர கொளுத்த வேணாம்னு சொல்லு." அவ்வளவுதான். அங்கிருந்து வீட்டுக்கு வருவாளா, திரும்ப ஹல்துமுல்லை பஸ்ஸுக்குப் போவாளா, அதைச் சொல்லவில்லை. கேட்கலாம், கேட்டால் பதில் சொல்லிவிடுவாள், அதனால் கேட்கவில்லை.

எனவே இனி நடக்க வேண்டியதை எழுதுகிறேன், அவரவர் அவரவர் வேலையைச் செய்ய வேண்டும். தனுஜா இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப வேண்டும், தபாலில் போட்டால் திருநாள் முடிந்துதான் வரும். அனுப்பும்போது படிக்கத்தான் போகிறாள், படிக்கட்டும், தனுஜா, உன் மேல் உள்ள கோபம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் டீவியை அணைக்காமல் அவளோடு உட்கார்ந்திருந்தாய் என்பதையும் கேள்விப்பட்டேன். முருகையா கல்லறைப் பாதையில் புல் வெட்ட வேண்டும், மழைக்கு அட்டை கூடிக் கிடக்கிறது, வெட்டும்போது வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். சின்னம்மா அவளைக் காலை முதல் பஸ்ஸில் கம்பளிச் சால்வையோடு ஏற்றிவிட வேண்டும். நீ உன் அம்மாவுக்குப் போன் எடுத்து ஜொனியைப் பற்றிக் கேட்க வேண்டும். அவள் அழுதால், அழாதம்மா என்று பேச்சை மாற்றாதே, உனக்கும் என் புத்திதான், எனக்குத் தெரியும். அவள் சொல்லி முடிக்கும் வரைக்கும் வைத்துவிடாதே. போட்டோவைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்துவிட்டேன், ஒரு மூலை பூஞ்சணம் பிடித்திருக்கிறது, முகம் நன்றாக இருக்கிறது. ஆணி வாங்கி வைத்திருக்கிறேன், எந்தச் சுவர் என்று உன் அம்மா வந்து சொல்ல வேண்டும். அவளுடைய மெழுகுதிரியை அவளே கொளுத்த வேண்டும்.

மாதா உன்னை எந்தக் குறையும் அண்டாமல் வைத்திருக்கட்டும், காதை மூட மறக்காதே. மிச்சம் நான் செய்ய வேண்டியது. அன்று மழை வந்தாலும், இருட்டிக்கொண்டு வந்தாலும், குடையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். நேரமாகுது என்று சொல்லக் கூடாது. எப்போது போகலாம், எங்கே போகலாம் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
பாக்கியநாதன்